ஸ்பேனர் படாத குடுவை

வெர்ட்ஹைம்,
12 அக்டோபர் 1962

அன்புள்ள லோதர்,

நீ திருப்பி அனுப்பிய பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் மறுபடியும் குடுவைச் சில்லுகள். அப்பா எட்டிப் பார்த்து, "மின்சாரத்தால விண்கலம் ஓட்டப்போறேன்னான். என் பட்டறைக் கண்ணாடிய ஒடைக்கிறதுக்கா சம்பளம் வாங்குறான் உம் புருஷன்?" என்றார்.

கண்ணாடியில்தான் குறை என்று எழுதியிருக்கிறாய். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். விரிசல் கழுத்தில் தொடங்கியிருக்கிறது, நீ உலோக வளையத்தைப் போட்டு இறுக்கிய இடத்தில். கசியுமோ என்று பயந்து ஸ்பேனரால் இன்னொரு சுற்று முறுக்கியிருப்பாய். நான் ரொட்டிக்கடைக்குப் போனாலும் ஜன்னலில் நின்று கடிகாரம் பார்ப்பாயே, அதே புத்தி. அது தாங்காமல்தானே அப்பா வீட்டுக்கு வந்தேன்?

வேறு குடுவை அனுப்புகிறேன். விரலால் மட்டும் முடுக்கு.

எரிச்சலுடன்,
இர்ம்கார்ட்

கீசன்,
20 அக்டோபர்

அன்பு இர்ம்கார்ட்,

விரலால் முடுக்கினால் காற்று புகும். உள்ளே வெற்றிடம் கெட்டால் ஆய்வகத்தில் என் பேராசிரியருக்கு நீயா பதில் சொல்வாய்?

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாத்து சொல்லிவைத்துவிட்டேன். எந்த வண்டியில் வருகிறாய் என்று உடனே எழுது. நிலையத்தில் முன்கூட்டியே வந்து நிற்பேன்.

உன்
லோதர்

வெர்ட்ஹைம்,
25 அக்டோபர்

லோதர்,

பார்த்தாயா, கடிதத்திலும் முறுக்குகிறாய்! வாத்தை நீயே தின்னு. நான் வரவில்லை. இந்தக் குடுவையும் உடைந்தால் சில்லுகளைத் திருப்பி அனுப்பாதே, எனக்குப் பார்க்கத் தெம்பில்லை.

இர்ம்கார்ட்

கீசன்,
9 டிசம்பர்

அன்பு இர்ம்கார்ட்,

வரச் சொல்லி எழுதவில்லை. ஒரு செய்தி, அவ்வளவுதான்.

ஸ்பேனரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு விரலால் முடுக்கினேன். கொஞ்சம் கசிகிறது. காற்றை உறிஞ்சும் பம்பு ஈடுகொடுக்கிறது. கம்பிச் சுருளுக்குள் குடுவை நீலமாக ஒளிர்ந்தது, மறுமுனையில் மின்னேற்றிய பாதரச ஆவி தாரையாகப் பாய்ந்தது. ஒரு காகிதத்தைக்கூட நகர்த்தாத விசைதான், ஆனால் விண்வெளியில் அது போதும். இன்னொரு சுற்று முறுக்க மாலைவரை கை நமநமத்துக்கொண்டே இருந்தது. தொடவில்லை. உடையவும் இல்லை.

நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

லோதர்

வெர்ட்ஹைம்,
14 டிசம்பர்

அன்புள்ள லோதர்,

கசிந்தும் ஓடுகிறதா? அதைக் கண்டுபிடிக்க என் அப்பாவின் பாதிப் பட்டறையை உடைக்க வேண்டியிருந்தது உனக்கு.

கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "போயிட்டு வா. திரும்ப முறுக்குனான்னா பெட்டியக் கட்டிட்டு வந்துரு" என்றார்.

இருபத்துமூன்றாம் தேதி வருகிறேன். எந்த வண்டி என்று சொல்லமாட்டேன். நிலையத்தில் உன் தலை தெரிந்ததோ, இறங்காமல் அப்படியே திரும்பிவிடுவேன்.

உன்
இர்ம்கார்ட்