குண்டசாலை விலாசம்

மஹய்யாவ, கண்டி.
9.2.1997

அன்பு மகள் யோகராணிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நீயும் மருமகனும் லண்டனில் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை, பென்சன் எடுத்த பிறகும் விடியற்காலை நாலரைக்கு விழித்துக்கொள்கிறாள், இருபத்தெட்டு வருஷம் தெருக் கூட்டிய உடம்பு படு என்றால் படுக்கிறதா. உன் தம்பி பழனியாண்டி இன்னும் த்ரீவீலர்தான் ஓட்டுகிறான். அவன் மகளுக்கு இந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கல்யாணம் லண்டனில் நடந்ததால் நாங்கள் இதுவரை பார்த்திராத உன் மாமனார் மாமியாரை, நீ எழுதியபடியே போன ஞாயிற்றுக்கிழமை குண்டசாலையில் நடராஜா மாஸ்டர் வீட்டில் வைத்துத்தான் வரவேற்றோம். வரவேற்றோம் என்று எழுதினாலும் போனது நான் மட்டும்தான். அம்மாவைக் கூப்பிட்டேன், என் வீட்டுக்கு வர்றவங்கள நான் என் வீட்டுலதான் பாப்பேன், அடுத்தவங்க வீட்டுல போய் குந்திக்கிட்டு இது என் வீடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் சம்பந்தி வெறும் வாயோடு போகக் கூடாதென்று முதல் நாள் பூராவும் அடுப்படியில் நின்று அச்சு முறுக்கு சுட்டு டின் நிறையக் கட்டிக் கொடுத்தாள். பழனியாண்டிதான் த்ரீவீலரில் கொண்டுபோய் விட்டான். சம்பந்திகள் போகும்வரை வாடகைக்கு வந்தவன் மாதிரி வெளியே ரோட்டில் நின்றான், உள்ளே வாடா என்று கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.

அவர்கள் நல்ல மனிதர்கள்தான், நான் குறை சொல்லவில்லை. மாஸ்டரின் கதிரையில் என்னை உட்கார வைத்துவிட்டு மாஸ்டர் ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஓரமாக நின்றார். உன் மாமனார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எழுந்தேன், ஆனால் அந்த வீட்டில் கிளாஸ் எந்த அலுமாரியில் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும், நடு வீட்டில் அப்படியே நின்றுவிட்டேன். அதைப் பார்த்து மாஸ்டரின் மனைவி ஞானேஸ்வரி அம்மா தண்ணீரும் முறுக்குமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். உன் மாமியார் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு, உங்கட கைப்பக்குவம் அருமை, மகளுக்கும் பழக்கி விட்டிருக்கிறியள்தானே என்று அவர்களைப் பார்த்துச் சொன்னார். ஞானேஸ்வரி அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். இவர் யோகராணியின் அம்மா இல்லை, அவளுடைய அம்மா மஹய்யாவில் இருக்கிறாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், எனக்குப் பக்கத்தில் ஞானேஸ்வரி அம்மா நின்றார்கள். அவ்வளவுதான் மகள், இனி உன் அம்மா எந்தக் காலத்திலும் அந்தச் சம்பந்தி முகத்தில் முழிக்க முடியாது.

உன்மேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. உன் தாத்தா வீரய்யா மாநகரசபையின் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு டவுன் நடுவே நடந்தவர், யார் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டால் லயன் வீட்டு நம்பரையும் சேர்த்துச் சொல்வார். எனக்குத்தான் அது கூசியது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மஹய்யாவ என்று எழுதினால் தெருக் கூட்டுகிறவன் பிள்ளை என்று கடைசி வாங்கில்தான் உட்கார வைப்பார்கள் என்று பயந்து, மாஸ்டரின் காலைப் பிடித்து அவருடைய விலாசத்தை எழுதினேன், தொழில் என்ற இடத்தில் கிளார்க் என்று எழுதினேன். யாரும் கேட்டால் குண்டசாலை என்று சொல்லு என்று உனக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பொய் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களே என்று நீ கேட்டாய், படிச்சு முடிக்கிற வரைக்கும்தான் என்றேன். படித்துவிட்டால் யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து உண்மை சொல்வாய் என்று நினைத்தேன். நீ பட்டமும் வாங்கிவிட்டாய். படித்த பிள்ளைக்கு மறைப்பதற்கு இன்னும் அதிகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

திரும்பக் கூட்டிவந்ததும் பழனியாண்டிதான். வாசலில் இறக்கிவிட்டு, என் மகள் பரீட்சை எழுத வேணாம்ப்பா, படிச்சா அதுக்கும் நம்மளத் தெரியாமப் போயிடும் என்றான். அந்தப் பிள்ளை கணக்கில் புலி, அப்படிச் செய்யாதேடா என்று சொல்ல வாயெடுத்தேன், எந்த முகத்தோடு சொல்வது. நீயாவது எழுதிப் பார், உன் பேச்சை அவன் கேட்பான் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. முறுக்கை சம்பந்தியம்மா புகழ்ந்தார்கள், எடுத்த படத்தை அனுப்புவார்கள் என்று மட்டும் சொன்னேன், அது பொய்யில்லை. அன்றிலிருந்து பக்கத்து வீட்டு வடிவம்மாவிடம் முறுக்குக் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனைக் கேட்டதாகச் சொல். கட்டுக்கலைப் பிள்ளையார் உங்கள் இருவரையும் தீர்க்காயுசாக வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தப் படத்தில் ஒரு பிரதியை உன் மூலமாக எங்களுக்கும் அனுப்புவதாக உன் மாமனார் சொன்னார், வேண்டாம் என்று எப்படியாவது தடுத்துவிடு. சம்பந்தியின் முகத்தைப் படத்திலாவது பார்க்கலாமென்று அம்மா சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டுத் தபால்காரனுக்காகக் காத்திருக்கிறாள். ஃபிலிம் பழுதாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அது பழகிப்போனதுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீ. பொன்னையா

உறையின் பின்பக்கம் நீ கேட்டபடி குண்டசாலை விலாசத்தையே எழுதியிருக்கிறேன்.