இரண்டு கியரும் ஒன்றாக விழுந்த அன்று

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல். இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை பாப்பா. இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அம்மாவின் எக்ஸ்ரே உறையை வைத்து அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், வரி கோணலாகப் போனால் கண் பார்வை போய்விட்டதோ என்று கவலைப்படாதே. அம்மா உள்ளே இயந்திரத்தோடு படுத்திருக்கிறாள். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசும்போது அவள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியாது, நான் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தால் தொடையில் கிள்ளிவிடுகிறாள். இதுவரை உன் காதுக்கு வந்ததெல்லாம் அவள் கத்தரித்துக் கொடுத்த செய்திதான்.

மழை விடவே இல்லை. வீட்டிலிருந்து தார் ரோடு வரை உள்ள மண் பாதையை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது, எங்கே கால் வைத்தாலும் முழங்கால் வரை இழுத்துக்கொள்கிறது. பைக்கும் போகாது, காரும் போகாது. ஆம்புலன்ஸ்காரர் தார் ரோட்டு முனை வரைதான் வருவேன், அதற்கு மேலே வந்தால் என்னைத் தூக்க இன்னொரு ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டார், அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதனால் நம் பழைய டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டி, அதில் மெத்தையைப் போட்டு மேலே தார்ப்பாய் கட்டி, அம்மாவை அதில் உட்கார வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை, ஆட்டோவில் போகிறோம் என்றுதான் சொல்லியிருப்பாள். நடுவில் ஒரு முறை ஓடைத் தண்ணீர் பாதைக்கு மேலே ஏறிவிட்டதால் போக முடியவில்லை. ஒரே ஒரு முறை தவறியதற்கே அவள் கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே கிடந்தாள். தண்ணீர் வடிந்ததும், இனி ஒரு பொழுதுகூடத் தள்ளக் கூடாது என்று கிளம்பினோம். அன்று நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

பாதித் தூரம் தாண்டி, கரும்பு வயலை ஒட்டிப் பள்ளமாக இறங்கும் இடத்தில் வண்டி திணறியது. இரண்டாவது கியரில் இழுக்கவில்லை என்று முதல் கியருக்கு மாற்றினேன். கியர் ராடு கையில் ஒரு நொடி தொளதொளவென்று ஆடியது, உள்ளே கடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் நட்டு வைத்த கல் மாதிரி நின்றுவிட்டது. கிளச்சை விட்டதும் வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அணைந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், காலால் உதைத்தேன், ஸ்பேனரால் தட்டினேன், அசைந்து கொடுக்கவில்லை. பின்னாலிருந்து அம்மா என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, இதோ கிளம்பிவிடலாம் என்றேன். திரும்பிப் பார்த்தபோது தார்ப்பாயின் ஓரத்தில் கையை நீட்டி மழைத் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கட்டுப்பாட்டால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கணக்கில் தண்ணீர் குடிக்கிறவள் பாப்பா, உதடு வெடித்துக் கிடக்கிறது, ஊரெல்லாம் தண்ணீராக ஓடுகிறது. என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். கையைக் கவிழ்த்து அதைக் கீழே விட்டுவிட்டாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன், அவர் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார், அங்கேயும் பாதை அடைபட்டிருக்கிறது. சத்தத்தைச் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டார். ராடின் நுனி தேய்ந்துபோனால் ஒரு கியரிலிருந்து முழுசாக வெளியே வராமலே அடுத்ததையும் போய்க் கவ்விவிடுமாம், இரண்டும் ஒன்றாக விழுந்தால் கியர் பெட்டி பூட்டிக்கொள்ளுமாம். ராடு நிற்கும் மூடியைக் கழற்றி உள்ளே கியரை நகர்த்தும் இரும்புப் பட்டைகளை நேர்க்கோட்டுக்குத் தள்ளினால் நியூட்ரலுக்கு வந்துவிடும் என்றார். எந்தப் பட்டையை எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. இத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேனே தவிர அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவன் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்து வயல்காரர் வந்தார், நீ சின்ன வயதில் வானொலி என்று பேர் வைத்தாயே, அவர்தான். இந்த வயதிலும் அவருக்கு நிலைய நேரம் முடிவதே இல்லை. முதலில் இரண்டு பேருமாக அம்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்போம் என்றார். தூக்கினோம். நாலு எட்டு வைப்பதற்குள் அவர் கால் புதைந்தது, அம்மாவுக்கு உடம்பு மடங்கியதில் மூச்சே வரவில்லை, டயாலிசிஸ் ஊசி போடுகிற கையில் என் பிடி வேறு அழுந்திவிட்டது, அந்தக் கைக்கு ஏதாவது ஆனால் அதோடு முடிந்தது. பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்தோம். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் முன்னால் சாய்ந்துகொண்டால் மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றாள், அங்கேயே உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு வானொலி வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் நின்றதைப் பார்த்துத்தான் நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

அம்மாவின் முழங்காலுக்கு நடுவிலே அந்தக் கியர் மூடி, நான் சேற்றில் நின்றபடி ஒரு பக்கமாக வளைந்து நான்கு போல்ட்டையும் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் மழைத் தண்ணீர் உள்ளே கொட்டப் பார்த்தது. அம்மா குடையை எடுத்து அந்தத் துளைக்கு மேலே பிடித்துக்கொண்டாள், அவள் தலை முழுக்க நனைகிறது. உன் தலைக்குப் பிடி என்று கத்தினேன், இது நனைந்தால் நான் எங்கே போவது என்று நிதானமாகக் கேட்டாள். உள்ளே பார்த்தால் மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில், ஓரத்தில் ஒன்று ஒழுங்காக இருக்க, மற்ற இரண்டில் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போய் நிற்கின்றன. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன், நகரவில்லை. டிரெய்லரின் கனம் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கியரின் பல்லும் பல்லும் எப்படி விடும். டிரெய்லரைக் கழற்றிவிட்டோம். வானொலி ஒரு கட்டையைப் பின் சக்கரத்தின் கீழே கொடுத்து முன்னும் பின்னுமாக ஆட்ட, அது துளி அசையும் நேரம் பார்த்து நான் நெம்ப, ஒவ்வொரு முறையும் நழுவியது. என் கைமுட்டி கிழிந்து ரத்தம் ஆயிலில் சொட்டியது. ஒரு கட்டத்தில் நான் சக்கரத்தில் தலையை வைத்து அப்படியே நின்றுவிட்டேன். என்னால் முடியாது என்று தோன்றியது, உன் முகம் வந்தது, உனக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். அம்மா குடையை விடாமல் மறு கையால் என் பிடரியைத் தொட்டு, “இன்னொரு தடவை பாருங்க” என்றாள். அந்த முறை டக்கென்று ஒரு பட்டை வந்து ஓரத்துப் பட்டையோடு வரிசையில் உட்கார்ந்தது. அடுத்ததைத் தள்ளுவது சுலபமாக இருந்தது. அழுகையும் சிரிப்புமாக மூடியை எடுத்தபோது, அதன் விளிம்பில் நான் வைத்திருந்த ஒரு போல்ட் உருண்டு உள்ளே விழுந்துவிட்டது.

அது பல்லுக்கு நடுவில் மாட்டினால் பெட்டியே உடைந்துவிடும் பாப்பா. என் கை மணிக்கட்டுக்கு மேலே இறங்கவில்லை, வானொலியின் கை என்னுடையதைவிடத் தடி. அம்மா குடையை அவரிடம் கொடுத்துவிட்டு, ஊசி போடாத கையை உள்ளே விட்டாள். கால் எவ்வளவு வீங்கினாலும் அவள் கை மட்டும் குச்சியாகத்தான் இருக்கிறது. ஸ்டீயரிங்கில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, முழங்கை வரை ஆயிலுக்குள் விட்டுத் தேடினாள். நடுவில் இருமல் வந்தது, எடுத்துவிடு வேண்டாம் என்றேன். “பேசாதீங்க, விரல்ல படுது” என்றாள். வெளியே எடுத்தபோது போல்ட் கையில் இருந்தது, உதடு நீலமாகிவிட்டிருந்தது. மூடியை எப்படி மாட்டினேன், டிரெய்லரை எப்படிப் பூட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளை மெத்தையில் சாய்த்து வானொலியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டேன், தார் ரோடு வரை அந்த ராடைத் தொடவே இல்லை. சேற்றில் வண்டி திணறும்போதெல்லாம் வாய்விட்டுக் கெஞ்சினேன், வண்டியிடமா யாரிடமா என்று தெரியாது. ஆம்புலன்ஸ்காரர் போகாமல் காத்திருந்தார், நல்ல மனுஷன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்ட ஆரம்பித்து, என் சட்டையையும் கையையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். மெக்கானிக் சேற்றில் நடந்தே வந்து பெட்டியைத் திறந்து ஆயில் மாற்றி, ராடின் தேய்ந்த நுனியை வெல்டிங் வைத்து நிரப்பிக் கொடுத்தார். இது எத்தனை நாள் தாங்கும் என்று என்னைக் கேட்காதீங்க ஐயா, இந்த வண்டிக்குச் சாமான் செய்வதையே விட்டுவிட்டார்கள் என்றார். இதுகூடப் பரவாயில்லை. அடுத்த முறை கிளம்பும் நேரம் வந்தபோது உன் அம்மா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, தலையை வாரிக்கொண்டே சொன்னாள். “அன்னைக்குச் சக்கரத்துல தலைய வச்சு நின்னீங்களே, அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. போதும், விட்டுடுங்க.” ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துப் போய்விடலாம் என்று சொன்னேன், அங்கே போனால் திரும்பி வர மாட்டேன் என்று அதற்கும் மறுத்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன், தட்டைத் தள்ளினேன், பிறகு வெட்கப்பட்டு வண்டிப் பக்கம் போய் நின்றேன். ஸ்டார்ட் செய்யக்கூட மனசு வரவில்லை. திரும்பி உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்குப் பயமா இருக்கு” என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவளிடம் நான் சொன்னதில்லை. அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, “வண்டிய எடுங்க” என்றாள். அப்படித்தான் இன்றைக்கு இங்கே வந்து சேர்ந்தோம். வழி முழுக்க அவள் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியும், அதனால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

இன்று வந்துவிட்டாள், அடுத்த முறை வருவாளா என்று தெரியவில்லை. வண்டி வருமா என்றும் தெரியவில்லை. இதுவரை நான் எழுதிய எல்லாவற்றிலும், எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, உன் வேலையைப் பார், குழந்தையைப் பார் என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் அறை எடுத்துப் போகும் விஷயத்தில் என் பேச்சை அவள் கேட்க மாட்டாள், நீ நேரில் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் வருவாள். தனியாக என்னால் அவளைத் தூக்க முடியவில்லை பாப்பா. வந்துவிடு.

மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். உன் கை வைத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் வாழ வேண்டும். நான் இப்படி எழுதியதை அம்மாவிடம் போனில் கேட்டுவிடாதே, நீயாகவே பார்க்க வருவதாகச் சொல். வரும்போது எங்களுக்கென்று ஒன்றும் வாங்கிச் சுமக்காதே. தார் ரோட்டு முனையில் இறங்கியதும் அங்கேயே நில், சேற்றில் தனியாக இறங்கி நடக்காதே, எத்தனை நேரம் ஆனாலும் நான் வண்டியோடு வந்து கூட்டிப்போகிறேன். நர்ஸ் கூப்பிடுகிறாள், அம்மா கண் விழித்து என்னைத் தேடுகிறாளாம்.

உன் அப்பா