நான் நடக்காத ஐந்து கட்டங்கள்

இன்று காலை தேனி கடைவீதியில் ஒரு கோயில் யானை வந்தது. எல்லோரும் வாழைப்பழம் நீட்டினார்கள். எனக்கு லத்தி வாடைதான் முதலில் வந்தது. கை தானாகப் பைக்குள் போய் அளவு டேப்பைத் தேடியது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். நான் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நீ மஞ்சள் காமாலையில் போய் எட்டு மாதம் ஆகிறது.

மேகமலையில் நாம் சேர்ந்துதான் யானைக் கணக்கெடுப்புப் பழகினோம். நான் தேனிக்காரி, நீ எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீட்டில் பிறந்தவள். காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. யானை லத்தி தெரிந்தால் கோட்டிலிருந்து அதுவரை டேப் பிடிக்க வேண்டும். தாளில் நூறு மீட்டருக்கு ஒரு கட்டம். நடந்தும் ஒன்றும் தெரியாவிட்டால் பூஜ்யம், நடக்காவிட்டால் காலி. "பயந்து திரும்புனா தப்பில்லடி. திரும்பிட்டேன்னு எழுதிப்புடு," என்பாய்.

ஆள் பற்றாத ஒரு நாள் ஆளுக்கொரு கோட்டில் போனோம். என் கோட்டின் கடைசி ஐந்து கட்டம் ஏலக்காட்டை ஒட்டியது. மூடுபனிக்குள் ஏதோ கிளை முறிந்தது. திரும்பி ஓடி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் ஐந்திலும் பூஜ்யம் போட்டேன்.

சாயங்காலம் நான் தங்கியிருந்த அறைக்கு நீ வந்தாய். "கங்காணி கேக்குறாக, தாளக் குடு." பார்த்துவிட்டு வாசலில் நின்ற எஸ்டேட் மேற்பார்வைக் கங்காணியிடம், "அங்கன ஆனை தடம் ஒன்னுமில்லண்ணே. நாளைக்குப் பறிக்க ஆள விடலாம்," என்றாய். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஏலக்காய் பறிக்கிற பெண்கள் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். முதல் ஆள் உன் அம்மா. அவர்கள் வளைவில் மறைந்த பிறகுதான் உன் கையைப் பிடித்தேன்.

"கடைசி அஞ்சு கட்டம் நான் நடக்கலடி."

நீ உடனே ஓடினாய். நானும் பின்னால் ஓடினேன். வளைவில் லத்தி கிடந்தது, அதில் இன்னும் ஆவி பறந்தது. சற்றுத் தள்ளி ஏலச்செடிகள் அசைந்தன. கத்தவும் முடியாது, யானை மிரண்டு பாயும். கடைசிப் பெண்ணின் தோளைத் தொட்டு, உதட்டில் விரல் வைத்து, ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டே முன்னால் போனாய். அம்மாவின் கையைப் பிடித்துப் மெல்ல மெல்லப் பின்னோக்கி நடத்திக் கூட்டி வந்தாய். ரோட்டுக்கு இறங்கிய பிறகுதான் பிளிறல் கேட்டது.

"இல்லன்னு எழுதுனது யாரு?" என்றார் உன் அம்மா.

"நாந்தேன்ம்மா. சரியாப் பாக்கல."

எல்லோர் முன்னாலும் உன் கன்னத்தில் அறைந்தார். "பெத்தவளக் கொல்லப் பாத்தியேடி!" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்புறம் தாளில் ஐந்து பூஜ்யங்களையும் என்னையே கோடு போட்டு அடிக்க வைத்தாய், 'நடக்கவில்லை' என்று எழுதச் சொன்னாய். ஏன் பழியை ஏற்றாய் என்றதற்கு, "நீ வெளியூர்க்காரி. பேரு கெட்டா உன்ன எவனும் காட்டுக்குள்ள விடமாட்டான். எனக்கு அம்மா அடி புதுசா?" என்றாய்.

உன் காரியத்தன்று, "இந்தக் கையாலதான அடிச்சேன்," என்று உன் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. என்னைவிடக் கோழை யாருமில்லை.

இன்று கடைவீதியில் அந்தக் கோயில் யானை போனதும் சின்னமனூர் வந்து மேகமலை பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"அவ சொல்லவே இல்லியே ஆத்தா," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உன் பெயரைச் சொல்லி அழுவது வெளியே கேட்டது. எனக்கு விழ வேண்டிய அடியை வாங்காமலே மலை இறங்கினேன்.