நான் வெட்டிய ரிப்பன்

ஜூலை 8, செவ்வாய்

தூக்கமே வரவில்லை. நாளை எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியின் புது ஷெட்டைத் திறக்க ஆளுநர் வருகிறார். இன்று அதற்கு ஒத்திகை. அவர் இடத்தில் நடந்து காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். நானும் அவர் உயரம்தான் என்று, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த என்னை இறக்கிக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

கார்க் கதவைத் திறந்துவிட்டது எங்கள் மேனேஜர்! பேண்டு வாசித்தார்கள். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

கூடவே நடந்த கலெக்டர் ஆபீஸ்காரர் சொன்னார்: "வெள்ளக்காரன் காலத்துல கவர்னர் வெச்சதுதான் சட்டம். இப்ப முடிவெல்லாம் மந்திரிங்க கையில. மரியாதை மட்டும் அப்டியே கீது. அவரு இன்னா செய்வாரோ, அத்தையே செய்ம்மா."

செய்தேன். தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார்கள். நறுக்கென்று வெட்டிவிட்டேன். வெட்டுகிற மாதிரி காட்டினால் போதுமாம், யாரும் சொல்லவில்லை. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ரிப்பன் வாங்க பஜாருக்கு பைக் பறந்தது.

வேலை போய்விடுமோ என்று வீடு வரை பயம். என் கணவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கவர்னரம்மா, ஊட்ல சோறு இன்னும் ஆவல."

சோறு வடிக்கும்போதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாளை அவர் வெட்டப்போவது இரண்டாவது ரிப்பன். ஷெட்டைத் திறந்தது நான்.