ரௌட்டருக்குக் கீழே குத்துவிளக்கு

வெள்ளி, ஆகஸ்டு 1997

இன்றும் அதே கூத்து. ஜோசியர் சொன்னாராம், அதனால் மேலாளர் சிவநாதன் சாமி படங்களை ரௌட்டர் அறையின் கிழக்குச் சுவருக்கு மாற்றிவிட்டார். கிள்ளான் கிளையின் கணினிகள் எங்களோடு பேசுவதே அந்த ஒரு பெட்டி வழியாகத்தான். வெள்ளிக்கிழமை மாலையானால் அதற்கு நேர் கீழே குத்துவிளக்கு. காற்றில் அணைந்துவிடும் என்று ஏர்கோனையும் நிறுத்திவிடுகிறார். பெட்டி கொதிக்கிறது. நாற்பது டிகிரி தாண்டினால் என் பேஜர் அலறும்படி நான்தான் வைத்திருக்கிறேன்.

இன்று பூஜை நடுவிலேயே அலறியது. எல்லார் முன்னாலும் கத்தினார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னம்மா இது அபசகுனம்? அறுபதுக்கு ஏத்தி வச்சிடு லா!"

"ஏத்தினா சத்தம்தான் நிக்கும் பாஸ், சூடு குறையாது. பெட்டி போயிடும்."

"போனா உன்னத்தான் கேப்பேன். அது உன் வேலை."

விளக்கேற்றுவது அவர், பெட்டி எரிந்தால் பழி என் தலையிலா? ஆபீஸ் இருக்கும் இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸில் கோயிலுக்கா பஞ்சம்? பல்லைக் கடித்துக்கொண்டு "சரி பாஸ்" என்றேன். விளக்கு தானாக மலையேறும்வரை ஏர்கோனைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு செராஸில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினார்.

ஏர்கோனை நான் தொடவில்லை. நாற்பதையும் தொடவில்லை. அலாரம் போய்ச் சேரும் பேஜர் எண்ணை மட்டும் மாற்றினேன்.

என் பேஜர் மேசையில் சும்மா கிடக்கிறது. இந்நேரம் அவருடையது வீட்டில் கத்திக்கொண்டிருக்கும். சாமிதான் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.