ரேடியேட்டருக்கு ஒரு பொட்டலம் மஞ்சள்

அடேய், இன்றைக்குக் காலையில் சர்வீஸ் சென்டர்க்காரர் என் காரின் டேஷ்போர்டைத் துழாவி ஒரு மஞ்சள்தூள் பொட்டலத்தை வெளியே எடுத்தார். "பூஜை சாமானா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். முன்பக்கம் இன்னொருவர் ரேடியேட்டரில் ரோஸ் நிறத்தில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். கூலன்ட்டாம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததும் நான் தனியாக நின்று கெக்கெக்கே என்று சிரித்தேன். சேர்ந்து சிரிக்க வேண்டியவன் நீ, லெப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிட்டாய். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில்தான் நீ துபாயிலிருந்து வந்து அந்தப் பழைய அம்பாசடரை வாங்கினாய். "பாலைவனத்துலயே வண்டி ஓட்டுனவன் மாப்ளே நானு" என்று பார்த்தவரிடமெல்லாம் அளந்தாய். நீ அங்கே ஓட்டியது கடையில் சாமான் தள்ளும் வண்டி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கார் வேண்டியிருந்தது.

திருமழபாடிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் எனக்குப் புதிதல்ல. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்த்து, பிறகு பேசி, இவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஆகியிருந்தது. அவள் அப்பாவோ சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையை மனத்தில் வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குச் சாயங்காலம் வருகிறார்கள். அதற்கு முன்னால், ராகுகாலம் பிறப்பதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே கிடையாது என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். "பஸ்ல போய் எறங்குனா மதிக்க மாட்டாங்கடா, நம்ம கார்ல போவோம்" என்று கிளப்பிவிட்டவன் நீ.

கீழப்பழுவூர் தாண்டவில்லை, காரின் மூக்கிலிருந்து ஆவி. குனிந்து பார்த்தால் ரேடியேட்டர் ஒழுகுகிறது. நம் ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அது ஏற்கெனவே பாதி செத்திருந்தது. பின் சீட்டில் பூவும் பழமுமாக உட்கார்ந்திருந்த என் அம்மா, "மாரியாத்தா" என்று ஆரம்பித்துவிட்டார். நீ அலட்டிக்கொள்ளாமல் பெட்டிக்கடைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கி வந்தாய். துளி மஞ்சள் போட்டால் சின்ன ஓட்டை அடைபடும் என்பது நம் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். நீ வண்டியை ஆறவிட்டு, மூடியைத் திறந்து, முழுப் பொட்டலத்தையும் கவிழ்த்தாய்.

"ஒரு ஸ்பூன் போதும்டா!"

"கல்யாண காரியம் மாப்ளே. கஞ்சத்தனம் பண்ணக் கூடாது."

ஒழுகல் நின்றது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும் வழியும் மஞ்சளில் அடைபட்டு, கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் மேலே ஏறியது. "முள்ளு செவப்புக்குப் போயிருச்சுடா" என்றேன். "முள்ளு ரிப்பேரு. நீ ரோட்டப் பாரு" என்றாய். ரோட்டைப் பார்க்க வேண்டியவன் நீ, வண்டி ஓட்டியது நீதானே!

ராகுகாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெண் வீட்டு வாசலில் வண்டி முக்கி முனகி நின்றது. அவள் அப்பா கும்பிட்டபடி வெளியே வந்தார். நானும் கும்பிட்டேன். அதற்குள் நீ கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டாய். "டேய், ஆறட்டும்டா" என்று நான் கத்தியதும் மஞ்சள் தண்ணீர் பீறிட்டுக் கிளம்பியதும் ஒன்றாக நடந்தன. மேலே போய்விட்டு நிதானமாக இறங்கியது. என் வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, உன் ஜிப்பா, அம்மா கொண்டுவந்த பூத்தட்டு, எதுவும் தப்பவில்லை.

எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரித்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அம்மா அடக்க அடக்க அது அடங்கவில்லை. அப்பா திரும்பி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள வாங்க. நலங்கு வச்சுக்கிட்டே வந்து நிக்கிறவரை வாசலோட எப்புடிங்க அனுப்புறது?"

சாயங்காலம் வர வேண்டியவர்களுக்கு, வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பெரம்பலூரில் மெக்கானிக் அந்த ரேடியேட்டரைக் கழற்றினார். புதியதை மாட்டுவதற்கு முன் இன்ஜினுக்குள் ஹோஸ் பைப்பை விட்டுக் கழுவினார். மஞ்சள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. "பாய், இதுல என்ன சாம்பாரா வச்சீங்க?" என்றார். "கல்யாணத்தையே வச்சேன்" என்றாய் நீ. அந்தத் திமிர் உன்னை விட்டுப் போகவே இல்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் இதயத்தில் அடைப்பு என்று சொன்னபோதும் அதே திமிர்தான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நீ அவளைப் பார்த்து, "ஒழுகுனா மஞ்சள் போட்டு அடைச்சிருப்பேன் தங்கச்சி. இது அடைச்சுக்கிட்டுல்ல நிக்கிது" என்றாய். அன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

சர்வீஸ்காரரிடம், "பூஜைக்கு இல்லீங்க, வண்டிக்கு" என்றேன். "இந்த வண்டிக்கெல்லாம் அது தேவையே இல்ல சார், தூக்கிப் போட்றட்டுமா?" என்றார். வெடுக்கென்று பிடுங்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன். எத்தனை கார் மாற்றினாலும் அதில் ஏறுவதற்கு முன் உன் தங்கச்சி மறக்காமல் வைப்பது அது. பழையதில் வண்டு விழுந்தால் புதியது மாற்றுவாள். ஸ்பூன் கணக்கெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாதுடா. முழுப் பொட்டலம்.