மீராசாகிபு நானாவின் பூனை

கனகராயன்குளம்,
27.01.2025

மதிப்புக்குரிய மீராசாகிபு நானா அவர்களுக்கு,

நீங்களும் மகள் றிஸ்பாவும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு இதை எழுதத் தொடங்குகிறேன். கைபேசி இருக்க இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். முந்தநாள் நீங்கள் எடுத்துக் கதைத்தபோதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வேறு கதைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். இதை றிஸ்பாவிடம் கொடுத்து வாசிப்பிக்காமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே வாசித்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இங்கே காலபோக நெல் அறுவடைக்கு நிற்கிறது. வயலின் கிழக்குப் பக்கத்தில் பன்றி இறங்கி ஒரு துண்டைக் கிண்டிவிட்டுப் போயிருக்கிறது. வெட்டுகிற மெசின்காரன் இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். என் மனிசி சிவனேஸ்வரிக்கு முழங்கால் வருத்தம் குறைந்தபாடில்லை. பாருங்கள், விசயத்துக்கு வராமல் பன்றியையும் மெசினையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் தந்த பூனை சீனி என் வீட்டில் இல்லை, நானா. ஐப்பசி மாதத்தில் இருந்தே இல்லை. பதறாதீர்கள், சாகவில்லை. உயிரோடுதான் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கொண்டுபோய் விட்டவன் நான்தான், வேறு ஒருவரும் இல்லை. அடுத்த கிழமை வியாழக்கிழமை காணி அலுவலாக வவுனியாவுக்கு வருவதாகவும், நோன்பு தொடங்க முதல் அப்படியே சீனியையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவதாகவும் நீங்கள் சொன்னதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நெளுக்குளத்தில் உங்கள் கடையில் இருபது வருசமாகக் கயிறும் சாக்கும் மண்வெட்டியும் வாங்கியவன் நான். போன ஆவணியில் நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு மகளோடு புத்தளத்தில் இருக்கப் போகிறீர்கள், பேரப்பிள்ளைக்கு இழுப்பு இருப்பதால் பூனையைக் கொண்டுபோக ஏலாது, அதற்கு நல்ல வீடாகத் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். என் வீட்டில் சிறுபோக நெல் மூடைகளாக அடுக்கிக் கிடந்தது. எலி ஒரு மூடையையும் விட்டுவைக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது எலி பிடிக்க ஒரு பூனை. நீங்கள் தேடியது பூனைக்கு ஒரு வீடு. இரண்டும் ஒன்றில்லை என்று அன்றைக்கே எனக்கு விளங்கியது. விளங்காதவன் போல இருந்துவிட்டேன்.

பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள். எனக்கு முதல் ஒருவர் உரப்பையோடு வந்தாராம், திருப்பி அனுப்பிவிட்டீர்களாம். சாக்குக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுபோனால் பூனைக்கு வழி தெரியாது, திரும்பி வராது என்று இங்கே எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் நீங்கள், வழி தெரியாமல் கொண்டு போறவனுக்கு நான் பூனை தரமாட்டன் தம்பி என்றீர்கள். என் நல்ல காலம், நான் பிரப்பங்கூடை கொண்டு வந்திருந்தேன். அடுத்ததாக, நீங்கள் சைவக்காரர், விரத நாளில என்ன செய்வீங்கள், இது மீன் இல்லாமல் சாப்பிடாதே என்று கேட்டீர்கள். வெளிக்கொட்டிலில தனிச்சட்டி வைச்சு அவிச்சுப் போடுவன் நானா, பிள்ளையார் மேல ஆணை என்று நான் சொன்னேன். ஒருவரும் கேட்காமலே ஆணையிட்டேன்.

அதற்குப் பிறகுதான், வடக்கில் இருந்த முஸ்லிம் சனத்தை எல்லாம் வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டுக் கதையைச் சொன்னீர்கள். முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்ட நாளில் அடுப்படியில் படுத்திருந்த பூனையைத் தூக்க நேரம் கிடைக்கவில்லை என்றும், அந்தத் துக்கத்தில் உங்கள் மனைவி ஹவ்வா உம்மா இருபத்தைந்து வருசம் பூனையே வளர்க்கவில்லை என்றும், கடைசியில் மனம் மாறி வளர்த்தது இந்தச் சீனியை மட்டும்தான் என்றும் சொன்னீர்கள். அவா மௌத்தான பிறகு அவவின் கட்டிலை விட்டு அது மூன்று நாள் இறங்கவில்லை என்றும் சொன்னீர்கள். கூடைக்குள் வைக்கும்போது அதன் தலையில் கை வைத்து ஓதினீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஐப்பசியில் சிவனேஸ்வரி கௌரி காப்பு விரதம் இருந்தா. இருபத்தொரு நாள். வீடு முழுக்கக் கழுவி, சட்டி பானை மாற்றி, மீன் வாடையே படக்கூடாது. முதல் இரண்டு நாளும் கொட்டிலில் மீன் அவித்துப் போட்டேன். மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் விதைப்பு வேலை. அதோடு விட்டுவிட்டேன். சோறும் பருப்பும் வைத்தேன். சீனி மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். பசித்தால் தின்னட்டும், இல்லையென்றால் எலி இருக்கிறதுதானே என்று நினைத்தேன். பிள்ளையாரையும் நினைக்கவில்லை, உங்களையும் நினைக்கவில்லை.

விரதம் முடிந்து காப்புக் கட்டுகிற கடைசி நாள் யாழ்ப்பாணத்தில் இருந்து சிவனேஸ்வரியின் தமக்கை இராசேஸ்வரி அக்கா வந்து நின்றா. கோயிலுக்குக் கொண்டுபோகப் பழத்தட்டம் சாமியறையில் வைத்திருந்தது. அந்தத் தட்டத்தில், அதுவும் வெற்றிலைக்கு மேலே, சீனி எங்கேயோ குப்பையில் எடுத்த மீன்தலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ தானும் விரதகாரி மாதிரிப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தது. சிவனேஸ்வரி என்ர இருபத்தொரு நாளும் போச்சே என்று குழறினா. ஆனால் நானா, அவவின் மேல் பழியைப் போட நான் எழுதவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வாயில்லாச் சீவன், பசியில செய்திட்டுது, நீங்கள் ஒழுங்காய்ச் சாப்பாடு போட்டிருக்க வேணும் என்று சொன்னதும் அவாதான். அதைக் கேட்கத்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. குற்றம் என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு வருகிற கோபத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

யூரியாப் பை ஒன்றுக்குள் சீனியைப் போட்டு வாயைக் கட்டினேன். ஓம், சாக்குத்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, மாங்குளத்தால் திரும்பி முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். அங்கே மீனுக்குக் குறைவில்லை, நல்லாய் இருக்கும் என்று வழிநெடுக எனக்கு நானே நியாயம் சொன்னேன். முல்லைத்தீவு உங்களுக்கு எப்படிப்பட்ட இடம் என்பது திரும்பி வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. பையை அவிழ்த்தபோது சீனி ஓடவில்லை. மணலில் இருந்து சுற்றிப் பார்த்தது. நான் சைக்கிளை எடுக்க, பின்னால் கொஞ்சத் தூரம் வந்தது. நான் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் இன்னும் வெட்கக்கேடு. நீங்கள் எடுக்கும்போதெல்லாம் நல்லாய் இருக்கு, இப்பதான் சாப்பிட்டிட்டுப் படுக்குது என்றேன். கார்த்திகையில் நான் அனுப்பிய படம் சந்திக் கடைப் பூனையின் படம். அதைப் பார்த்துவிட்டு, வால் கொஞ்சம் தடிச்சிருக்கு, நல்லாய்ப் பாக்கிறீங்கள் போல, அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் தரட்டும் என்று நீங்கள் குரல் பதிவு அனுப்பினீர்கள். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், கேட்கத்தான் பயம். மார்கழியில் தேங்காய் லொறியில் வருகிற பைறூஸிடம் சீனிக்கென்று நெத்தலிக் கருவாடு கொடுத்து விட்டீர்கள். பூனை எங்கை என்று அவர் கேட்க, வயல் பக்கம் போயிட்டுது என்றேன். நானா, அந்தக் கருவாட்டை நான்தான் சாப்பிட்டேன். சிவனேஸ்வரி தொடவில்லை. தானே பொரித்துத் தந்துவிட்டு, தின்னுங்கோ, நீங்கள்தானே இப்ப இந்த வீட்டுப் பூனை என்று சொன்னா. நான் தலையைக் குனிந்துகொண்டு தின்று முடித்தேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் மனம் கேட்காமல் முல்லைத்தீவுக்குத் தேடிப் போனேன். கரையோரத்து மீன்பிடிக் கொட்டில்களில், வாடி வாடியாக விசாரித்தேன். பிரஷாந்தினி என்று ஒரு பிள்ளை, புருசன் கடலுக்குப் போகிறவர், அவவின் வீட்டு வாசலில் வலைக்கு மேலே சீனி படுத்திருந்தது. உடம்பு வைத்திருக்கிறது. என்னைக் கண்டதும் எழும்பி வீட்டுக்குள்ளே போய்விட்டது. அந்தப் பிள்ளை, ஆரோ ஒரு பாவி சாக்கில கொண்டு வந்து கொட்டிட்டுப் போட்டான் அண்ணை, ஒரு கிழமையாய் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டது என்று சொன்னா. ஓம், பாவிதான் என்று நானும் சேர்ந்து திட்டினேன். இது ஆரின்ர பூனை எண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ, உரிமைக்காரர் வந்து கேட்டால் குடுக்கத்தானே வேணும் என்றும் சொன்னா. தெரியாது, சும்மா கேட்டனான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இவ்வளவு நேரமும் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தது அதைத்தான். அன்றைக்கு மீன்தலையைக் கண்டதும் இராசேஸ்வரி அக்கா, சோனகரின்ர வீட்டுப் பூனையைக் கொண்டு வந்து வைச்சால் இப்பிடித்தான் நடக்கும் என்று சொன்னா. இருபது வருசம் உங்கள் கடைத் தேத்தண்ணீர் குடித்த நான், மீன் அவித்துப் போடாத நான், ஓம் அக்கா, அதுகளின்ர பழக்கம் எங்கை போகும் என்று சொன்னேன். பூனையைத்தான் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்லலாம். பூனையை மட்டும் சொல்லவில்லை. அவவுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும் என்று சொன்ன சொல் அது. முல்லைத்தீவில் உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது அந்தச் சொல்தான் தொண்டைக்குள் நின்றது.

உங்கள் காதுக்கு எட்டாத சொல்லை நானே எழுதி அனுப்புகிறேனே, இது எவ்வளவு சரி என்று தெரியவில்லை. ஆனால் சாக்கை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டால் அதுவும் இன்னொரு பொய்.

வியாழக்கிழமை விடிய இருந்தே எங்கள் சந்திப் பஸ் தரிப்பில் நிற்பேன். நீங்கள் வந்தால் இருவருமாக முல்லைத்தீவுக்குப் போவோம். அந்தப் பிள்ளையிடம் எல்லாவற்றையும் நானே சொல்வேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். சீனியைக் கேட்டு வாங்குவதோ, அங்கேயே இருக்கட்டும் என்று விடுவதோ உங்கள் விருப்பம். எனக்குத் திரும்பத் தாருங்கள் என்று கேட்கிற தகுதி எனக்கில்லை.

பேரப்பிள்ளையின் இழுப்புச் சுகமாகி, நோன்பு காலம் உங்களுக்கு நல்லபடியாக அமைய வேண்டும். என் வீட்டுக்குள் வராவிட்டாலும், தண்ணீர் குடிக்காவிட்டாலும், நாலு பேருக்கு முன்னால் ஏசினாலும் பரவாயில்லை. பஸ் வந்து நிற்கும்போது என்னை யன்னலுக்குள்ளால் காண்பீர்கள். இறங்குங்கோ நானா.

தலை குனிந்து,
மயில்வாகனம்